ஆவுடையம்மாளுக்கு ஒரு வூஃபர்

எங்க ஷெட்டுல ஒரு குரு இருக்காங்க. வயசு முப்பத்தி நாலு. பேரு ஜெசிந்தா. கார்ல ஸ்பீக்கரும் வூஃபரும் மாட்டுறது தொழில். குருன்னு கூப்பிட்டா ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு வருவாங்க, அதனால முகத்துக்கு நேரா நான் சொல்றதில்ல.

தூத்துக்குடியில எட்டயபுரம் ரோட்டுல தகரக் கூரை போட்ட ஷெட்டு அது. பாதி அவங்களுக்கு, பாதி எனக்கு. நான் இசக்கி, சீட் கவர் தைக்கிறவன். நடுவுல சுவர் கிடையாது, ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கும். அந்தப் பக்கம் என்ன பேசினாலும் எனக்குக் கேட்கும். கேட்காட்டா எந்திரிச்சுப் போய்க் கேட்பேன், அது என் புத்தி.

வூஃபர்னா தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். கார் டிக்கியில ஒரு பெட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு 'தும் தும்'னு அடிக்கிற பெரிய ஸ்பீக்கர். அந்த அடிக்குப் பேருதான் பேஸ். எனக்கும் அதுக்கும் ஆகாது. அங்க ஒரு வண்டியில டெஸ்ட் போட்டா இங்க என் தையல் மிஷின்ல ஊசி ஆடும். எத்தனை சீட்டுல கோணத் தையல் விழுந்திருக்குன்னு எனக்கும் சுடலைமாட சாமிக்கும்தான் தெரியும்.

ஜெசிந்தாகிட்ட ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேட்டா பதில் வராது, வேலை வரும். ஒருத்தர் வந்து ஆம்ப்ளிஃபயர் ஏன் இந்தச் சூடு சுடுதுன்னு கேட்டார். தூசி படக் கூடாதுன்னு அதைக் கம்பளியால சுத்தி சீட்டுக்கு அடியில வச்சிருந்தார் மனுசன். ஜெசிந்தா என்கிட்ட இருந்து ரெக்சின் துண்டு ஒண்ணை வாங்கி அவர் தோள்ல போர்த்திவிட்டு, வெயில்ல அஞ்சு நிமிசம் நில்லுங்கன்னாங்க. ரெண்டாவது நிமிசமே அவருக்கு விளங்கிட்டுது.

இப்படிப்பட்ட ஆளுக்கு யாரு சீடனா வருவான்? ஒருத்தர் வந்தார். அவருக்கு வயசு அம்பத்தெட்டு.

நயினார் அண்ணாச்சி. துறைமுகத்துல முப்பது வருசம் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பழைய சாம்பல் கலர் கார் ஒண்ணு வச்சிருந்தார். அதுல பன்னெண்டு இஞ்ச் வூஃபர், போன மாசம்தான் வேற எங்கயோ மாட்டினது. வண்டி வாசல்ல வந்து நிக்கும்போதே என் கத்திரிக்கோல் மேசையில நகந்துது. இன்னொரு பிசாசு வந்துட்டுதுன்னு நினைச்சேன்.

பேஸ் சுத்தமா, இறுக்கமா வரணும்னு கேட்டார். பன்னெண்டு பத்தலன்னா பதினஞ்சு போடலாமான்னும் கேட்டார்.

ஜெசிந்தா யாருக்கு அண்ணாச்சின்னு மட்டும் கேட்டாங்க. அவர் பேச ஆரம்பிச்சவர் நிறுத்தல.

அவர் சம்சாரம் ஆவுடையம்மாளுக்கு மூணு வருசமா காது குறைஞ்சுக்கிட்டே வந்து, இப்ப சுத்தமாக் கேட்கல. நரம்புல கோளாறு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். காதுல வைக்கிற மிஷின் வெறும் இரைச்சலாத்தான் இருந்துதாம், அது பீரோவுக்குள்ள கிடக்கு. வீட்டுல பேச்சு எல்லாம் வாயசைவும் கையசைவும்தான். அவர் வாயைப் பார்த்தே முக்காவாசி புரிஞ்சுக்கிடுவாங்களாம்.

ரெண்டு பேருக்கும் ஒரு வழக்கம். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கார்ல பாட்டுப் போட்டுக்கிட்டு திருச்செந்தூர் ரோட்டுல முக்காணிப் பாலம் வரைக்கும் போறது, ஆத்தைப் பாத்துட்டுத் திரும்புறது. ஆவுடையம்மாள் கூடவே பாடுவாங்க. காது போன பிறகும் வந்தாங்க. அப்பவும் மெதுவாப் பாடுவாங்களாம், ஞாபகத்துல. அதையும் ரசிச்சுக்கிட்டுத்தான் இவர் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கார். யாரோ ஒருத்தர், காது கேட்காதவங்களுக்கும் பேஸ் அடிச்சா உடம்புல தெரியும்னு சொல்லப்போக, ஆசை வந்துட்டுது. பெரிய வூஃபரா வாங்கி மாட்டிட்டார்.

முதல் ஞாயிறு ஆவுடையம்மாள் கதவுல கையை வச்சுப் பார்த்தாங்க. கொஞ்ச நேரத்துல எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. பாடல. ரோட்டைப் பாத்துக்கிட்டே வந்தாங்க. அடுத்த ஞாயிறு முட்டு வலிக்குன்னாங்க. அதுக்கடுத்த ஞாயிறும் முட்டு வலிதான்.

"மாடிப்படி ஏறி வத்தல் காயப்போடுதா. அப்ப முட்டு வலிக்கல," அப்படின்னார் நயினார் அண்ணாச்சி. "அவ முன்சீட்டுல வந்து உக்காரணும் தாயி. அவ்வளவுதான் எனக்கு."

ஜெசிந்தா வண்டிக்குள்ள ஏறி டிரைவர் சீட்டுல உக்காந்தாங்க. பாட்டு எதுவும் போடல. ஸ்டியரிங்கைப் பாத்தாங்க, கியரைப் பாத்தாங்க. நானும் தொழில்காரனா எட்டிப் பாத்தேன். கியர்க் குமிழ்ல போட்டிருந்த தோல் உறை ஒரு ஓரத்துல மட்டும் நைஞ்சு, உள்ள இருக்குற பிளாஸ்டிக் தெரிஞ்சுது. நல்ல கருப்புத் தோல் இருக்கு, மாத்திருவோமான்னு கேட்டேன்.

"அதைத் தொடாதீங்க," அப்படின்னாங்க ஜெசிந்தா.

சரின்னு வந்துட்டேன். ஒரு தையக்காரன் வயித்துல அடிக்கிறதுல இந்தப் பொம்பளைக்கு என்ன சந்தோசமோன்னு முனகினேன், அது அவங்க காதுல விழுந்திருக்கும்.

அப்புறம் அண்ணாச்சிகிட்ட, வேலையை நான் செய்ய மாட்டேன், நீங்கதான் செய்யணும், நான் பக்கத்துல நிக்கேன்னு சொன்னாங்க. உங்க வீட்டு ஆளுக்குன்னா நீங்களே செய்யுங்கன்னாங்க. மனுசன் அடுத்த நாள் காலையில எட்டு மணிக்கெல்லாம் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு, டிபன் தூக்குவாளியோட வந்து நின்னார். அன்னைக்கே 'தாயி' போய் 'டீச்சரம்மா' ஆயிட்டுது.

முதல் நாள் வூஃபரையே தொட விடல. போன்ல இருந்து ஒரே சீரா ஒரு தாழ்ந்த சத்தத்தைப் போட்டுவிட்டு, வண்டியில எதெல்லாம் நடுங்குதோ எல்லாத்தையும் எழுதுங்கன்னாங்க. அண்ணாச்சி வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தார். குனிஞ்சார், படுத்தார், காதை வச்சுக் கேட்டார். நம்பர் பிளேட்டு, ஜாக்கி, ஸ்பேனர் பை, பின்கண்ணாடிக்குக் கீழ இருக்குற பலகை, கதவுல சொருகின தண்ணி பாட்டில், சீட் பெல்ட்டு கொக்கி. டேஷ்போர்டைத் திறந்தா உள்ள ஆவுடையம்மாளோட குங்குமச் சிமிழ் ஆடிக்கிட்டு இருக்கு. மொத்தம் பதினோரு ஐட்டம்.

எழுதின தாளைக் கொண்டுபோய்க் காட்டி, "இதெல்லாம் வூஃபர் சத்தம் இல்லையே டீச்சரம்மா?" அப்படின்னு கேட்டார்.

"உங்க காது பிரிச்சுப் பாத்திரும் அண்ணாச்சி. மதினி கை எப்படிப் பிரிக்கும்?"

அவர் தாளை மடிச்சுப் பையில வச்சார். என்கிட்ட வந்து ஃபோம் துண்டு கேட்டார். அன்னைக்கு முழுக்க ஒவ்வொண்ணுக்கும் அடியில ஃபோம் வெட்டி ஒட்டினார். குங்குமச் சிமிழுக்கு மட்டும் ஒரு சின்ன மெத்தையே தைச்சுக் கேட்டார். தைச்சுக் கொடுத்தேன், மயில் கழுத்துக் கலர் வெல்வெட்டுல.

ரெண்டாம் நாள் பெட்டி. வூஃபர் உக்காந்திருந்த பழைய பெட்டி மெல்லிசு ப்ளைவுட்டு. ஜெசிந்தா ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அண்ணாச்சி கையில கொடுத்தாங்க. வூஃபரை மெதுவா ஓடவிட்டு, பெட்டியோட ஒவ்வொரு இணைப்பு ஓரமாவும் கொண்டுபோகச் சொன்னாங்க. சாமிக்குக் காட்டுற மாதிரி அவர் பவ்யமாக் காட்டினார். அப்படியே மணியும் அடிச்சிருங்கன்னு நான் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் இருந்து சொன்னேன். புகை நேராப் போய்க்கிட்டே இருந்துது. பின்பக்க மூலைக்கு வந்ததும் வெடுக்குன்னு உள்ள இழுத்துது, திருப்பி வெளிய தள்ளுச்சு. வயர் நுழையிற ஓட்டையிலயும் அப்படித்தான்.

கசியிது, அடைச்சிருவோமான்னு கேட்டார் அண்ணாச்சி. அடைச்சாலும் பத்தாது, பன்னெண்டுக்கு வேண்டிய பெட்டி இந்த டிக்கியில அடங்காதுன்னாங்க ஜெசிந்தா. அது நெருக்கியடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காம். பத்து இஞ்ச் போட்டு, ஓட்டையே இல்லாம நல்லா அடைச்ச சின்னப் பெட்டி ஒண்ணு செய்யணும்னு சொன்னாங்க.

அண்ணாச்சி முகம் விழுந்துட்டுது. பதினஞ்சு கேட்டு வந்தவருக்குப் பத்துன்னா எப்படி இருக்கும்.

"இவ்வளவு பெருசே அவளுக்குப் புரியல. பத்து எப்படிப் புரியும்?"

"கிரேன்ல எது கஷ்டம் அண்ணாச்சி, சரக்கைத் தூக்குறதா, நிறுத்துறதா?"

"நிறுத்துறதுதான். தூக்குறதை மோட்டாரு பாத்துக்கிடும். ஆடாம நிறுத்தத்தான் ஆள் வேணும்."

"ஆடினா?"

"கீழ நிக்கிறவனுக்கு எங்க வரப்போகுதுன்னே தெரியாது."

சொல்லிட்டு அவரே அந்தப் பழைய வூஃபரைக் கழட்டிக் கீழ வச்சார். அப்புறம் பலகை எங்க இருக்குன்னு கேட்டார்.

பெட்டி செய்யிறதுக்கு ரெண்டு நாள் ஆச்சு. முக்கால் இஞ்ச் எம்.டி.எஃப். பலகை, அறுத்தா மாவு மாதிரிப் பறக்கும். சாயந்திரம் ஆனா அண்ணாச்சி தலை, மீசை, புருவம் எல்லாம் வெளிறிப் போய் சாமியார் மாதிரி இருப்பார். அளவு எடுக்கிறதுல மனுசனை அடிச்சுக்க ஆளில்ல. அப்பேர்ப்பட்ட ஆளே பத்து இஞ்ச் வூஃபருக்குச் சரியாப் பத்து இஞ்ச்ல வட்டம் வெட்டிட்டார். உக்கார வைச்சா திருகு போட விளிம்பே இல்ல, வூஃபர் பெட்டிக்குள்ள தொபுக்குன்னு விழுந்துட்டுது. எனக்குச் சிரிப்பு தாங்கல. பத்துன்னு சொல்றது வெளி விளிம்போட அளவு, ஓட்டை அதைவிடச் சின்னதா இருக்கணும். இந்தத் தொழிலுக்கு வர்ற எல்லாரும் முதல் பெட்டியில இதைச் செய்வாங்களாம். ஜெசிந்தா தெரிஞ்சே பாத்துக்கிட்டு நின்னிருக்காங்க. இன்னொரு பலகை அங்க சாத்தி வச்சிருக்கேன்னு மட்டும் சொன்னாங்க.

பெட்டிக்குள்ள பஞ்சு வைக்கணும், உள்ள காத்து எதிரொலிக்காம இருக்கன்னு சொன்னாங்க. இலவம்பஞ்சு என்கிட்டயே ஒரு சாக்கு இருக்கு. எடுத்துக்கோங்க அண்ணாச்சின்னேன். மாட்டேன்னுட்டார். அடுத்த நாள் வீட்டுல இருந்து தலகாணியைக் கொண்டுவந்து, ஓரத்தைப் பிரிச்சு, பஞ்சைக் கைநிறையக் கைநிறைய எடுத்துப் பெட்டிக்குள்ள பரப்பினார். அவர் படுக்குற தலகாணிதான். நாளைக்கு எதுல தலை வைப்பீங்கன்னு கேட்டேன். கையை மடக்கி வச்சுக் காமிச்சார். இந்த ஆளை என்ன சொல்ல? எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிட்டுது.

ஆம்ப்ளிஃபயர்ல 'பேஸ் பூஸ்ட்'னு ஒரு திருகு இருக்கும். ஊர்ல இருக்குற அத்தனை பேரும் வாங்கினதும் அதைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டுருவாங்க. அண்ணாச்சியும் அப்படித்தான் வச்சிருந்தார். ஜெசிந்தா அவரை வச்சே அதை ஒண்ணுமில்லாம இறக்கினாங்க. பாடுறவங்க குரல் வூஃபர் பக்கமே போகாதபடி இன்னொரு திருகையும் வைக்கச் சொன்னாங்க. குரல் முன்னாடி ஸ்பீக்கர்ல வரட்டும், அடி மட்டும் பின்னாடி போதும்னாங்க.

கடைசியா வூஃபருக்குப் போற ரெண்டு வயரையும் ஜெசிந்தா இடம் மாத்தி மாத்திக் குடுத்தாங்க. அண்ணாச்சி டிரைவர் சீட்டுல கண்ணை மூடி உக்காந்து, அடி எங்கேருந்து வருதுன்னு கை காட்டணும். முதல்ல அண்ணாச்சி கட்டை விரலால பின்னாடி டிக்கியைக் காட்டினார். வயரை மாத்தினதும் கை தன்னால முன்னாடி டேஷ்போர்டைக் காட்டுச்சு. கண்ணைத் திறந்தவர் டேஷ்போர்டைத் தடவிப் பாத்தார். அங்க ஒண்ணும் இல்ல. வூஃபரும் முன் ஸ்பீக்கரும் இப்பதான் ஒரே நேரத்துல தள்ளுதுன்னு சொன்னாங்க ஜெசிந்தா.

நானும் போய் உக்காந்து கேட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், நல்லா இருந்துது. ஒவ்வொரு அடியும் வந்துது, நின்னுது. அடுத்தது வர்றதுக்கு இடம் விட்டுது. அன்னைக்கு என் ஊசி ஆடல.

ஞாயித்துக்கிழமை காலையில மாதா கோயில்ல பூசை முடிச்சுட்டு ஜெசிந்தா ஷெட்டைத் திறந்தாங்க. எனக்கு லீவு. இருந்தாலும் வந்தேன், முடிவு தெரியாம வீட்டுல எப்படி உக்கார? அண்ணாச்சி ஆவுடையம்மாளைக் கூட்டிக்கிட்டு வந்தார். வண்டி ஷெட்டுலயே கிடந்ததால ஆட்டோவுல வந்தாங்க. பச்சைச் சுங்கடிச் சேலை, கையில ஒரு டப்பா முறுக்கு. முட்டு வலி எப்படி இருக்குன்னு நான் சைகையில கேட்டேன்.

"எங்க வீட்டுத் தலகாணி எங்க போச்சுன்னு பாக்க வந்தேன்," அப்படின்னாங்க. குரல் கொஞ்சம் சத்தமாத்தான் வந்துது. "மூணு நாளா மனுசன் கையில தலை வச்சுப் படுக்காரு. கேட்டா முழிக்காரு."

அண்ணாச்சி டிக்கியைத் திறந்து பெட்டியைத் தொட்டுக் காட்டினார். தலகாணி இதுக்குள்ள இருக்குன்னு வாயசைச்சார். அவங்க பெட்டியைப் பாத்தாங்க, அவரைப் பாத்தாங்க, கோட்டி பிடிச்சிருக்கான்னு கேட்டாங்க. ஆனா முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டாங்க.

பாட்டைப் போட்டார். ரெண்டு பேருக்கும் பிடிச்ச பழைய பாட்டு. ஆவுடையம்மாள் டேஷ்போர்டுல உள்ளங்கையை வச்சாங்க. நாங்க மூணு பேரும் அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்தோம். அவங்க தலையாட்டினாங்க. நல்லாருக்கு, இப்ப தெளிவா இருக்கு, தனித்தனியா அடிக்குன்னு சொன்னாங்க. அண்ணாச்சி மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம்.

அப்புறம் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

பாட்டு முடியிற வரைக்கும் அந்தக் கை மடியிலதான் இருந்துது. அண்ணாச்சி இறங்கி எங்க பக்கம் வந்தார். ஒரு வாரம் தவம் கிடந்தவர் கண்ணு கலங்கி நின்னதை என்னால பாக்க முடியல.

"எல்லாம் சரியாத்தானே செஞ்சேன் டீச்சரம்மா. எதை விட்டேன்?"

ஜெசிந்தா பின்கதவைத் திறந்து ஏறி உக்காந்துக்கிட்டு, வூஃபரை அணைச்சிருங்க, வேலை முடிஞ்சுது, சும்மா ஹார்பர் ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வருவோம்னாங்க. நானும் கூப்பிடாமலே ஏறிட்டேன்.

வண்டி கிளம்புச்சு. முன் ஸ்பீக்கர்ல பாட்டு மட்டும் ஓடுது. முதல்ல அண்ணாச்சி ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பரிட்சை எழுதுற மாதிரி இறுக்கிப் பிடிச்சிருந்தார். அடிக்கடி ஓரக்கண்ணால அவங்களைப் பாத்தார். வூஃபர் வந்ததுல இருந்து அவர் இப்படித்தான் ஓட்டியிருப்பார்னு இப்ப தோணுது. அப்புறம் மனசு விட்டுப்போச்சு போல, தோள் தளர்ந்துது. ரெண்டு பக்கமும் உப்பளம், எதிர்க்காத்து. ஒரு வேகத்தடை வந்துது. கியரைக் குறைச்சவர் இடது கையை அங்கேயே விட்டுட்டார்.

அடுத்த பாட்டு ஆரம்பிச்சுது. அவர் நடுவிரல் கியர்க் குமிழ்ல தட்ட ஆரம்பிச்சுது. அந்த நைஞ்ச ஓரத்துல, சரியா அதே இடத்துல. அவருக்கு அது தெரியவே இல்ல.

ஆவுடையம்மாள் வலது கை மடியில இருந்து எந்திரிச்சு வந்து அந்தக் கை மேல உக்காந்துது.

கொஞ்ச தூரம் அப்படியே போச்சு. அப்புறம் அவங்க பாடினாங்க. சுருதி எங்கயோ கிடந்துது, வார்த்தை பாதி கரைஞ்சுது. ஆனா ஒவ்வொரு வரியும் எங்க தொடங்கணுமோ அங்க தொடங்குச்சு, எங்க நிக்கணுமோ அங்க நின்னுது.

அண்ணாச்சி திரும்பி அவங்களையே பாத்தார். வண்டி ஒரு பக்கமா இழுத்துது.

"ரோட்டைப் பாருங்க அண்ணாச்சி," அப்படின்னாங்க ஜெசிந்தா.

'ஞாபகத்துலதான் பாடுதா' அப்படின்னார் அவர். ஜெசிந்தா பாட்டை மாத்தச் சொன்னாங்க. போன வருசம் வந்த புதுப் பாட்டு ஒண்ணு ஓடுச்சு. ஆவுடையம்மாள் காதுக்கு எட்டவே எட்டாத பாட்டு. அவங்க பாடல. ஆனா மோவாய் மட்டும் மெல்ல ஆடிக்கிட்டு வந்துது, ஒரு அடி கூட விடாம, அவர் விரல் தட்டத் தட்ட.

நயினார் அண்ணாச்சி தன்னோட இடது கையைக் குனிஞ்சு பாத்தார். யாரோடயோ கையைப் பாக்குற மாதிரிப் பாத்தார். இந்த வயசுலயும் கையைப் பிடிச்சுக்கிட்டு வாரா, ஊர் என்ன சொல்லும்னு முன்னாடியெல்லாம் கேலி பண்ணுவேன்னு சொன்னார். சொல்லும்போதே குரல் உடைஞ்சுட்டுது. வூஃபர் மாட்டினதும், இனி அதுவே அவளுக்குச் சொல்லிரும்னு கையை எடுத்துட்டேன், ரெண்டு கையாலயும் ஒழுங்கா ஓட்டணும்னு நினைச்சேன்னார்.

அவர் அழுததை அவங்க பாத்துட்டாங்க. என்ன ஆச்சுங்கன்னு கேட்டாங்க. அவர் ஒண்ணுமில்லன்னு தலையாட்டினார்.

ஜெசிந்தா பின்னாடி இருந்து, இப்ப வூஃபரைப் போடுங்க, மெதுவான்னு சொன்னாங்க. போட்டார். பழைய பாட்டையே திரும்ப வச்சார். பத்து இஞ்ச் பெட்டி டிக்கிக்குள்ள இருந்து ஒவ்வொரு அடியா சீட்டுக்கு அனுப்புச்சு.

ஆவுடையம்மாள் நெத்தியைச் சுருக்கினாங்க. வலது கை அவர் கை மேலயே இருந்துது, இடது கையை டேஷ்போர்டுல வச்சாங்க. கொஞ்ச நேரம் ரெண்டையும் நிறுத்துப் பாத்தாங்க. திடீர்னு அவங்க சிரிச்சாங்க. அடக்க முடியாம, தோள் குலுங்கச் சிரிச்சாங்க.

"நீங்க பிந்துதிய," அப்படின்னாங்க.

அண்ணாச்சிக்குப் புரியல.

"தாளம். பெட்டி தட்டின பிறகு நீங்க தட்டுதிய. மூணு வருசமா பிந்தித்தான் தட்டியிருக்கிய, நானும் பிந்திப் பிந்திப் பாடியிருக்கேன்." எங்க பக்கம் திரும்பினாங்க. "தாலி கட்டுறதுக்கே முகூர்த்தம் தப்புற நேரத்துலதான் வந்து சேந்தாரு, கேளுங்க."

நாங்க எல்லாரும் சிரிச்சோம். ஜெசிந்தா சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான். அண்ணாச்சி வெக்கத்தோட, சரியாத் தட்டணும்னு விறைப்பா உக்காந்து, விரலை வேகமாப் போட்டுப் பாத்தார். இப்ப முந்திக்கிட்டுது. அவங்க அந்த விரலை அமுக்கிப் பிடிச்சு, பழையபடி தட்டுங்கன்னாங்க. அவர் பழையபடி தட்டினார், ஒரு மயிரிழை பிந்தி. இடது கையை டேஷ்போர்டுல இருந்து எடுத்துட்டாங்க. வலது கையை எடுக்கல. பாட ஆரம்பிச்சாங்க.

பெட்டி ஒரு தாளத்துல போச்சு. அவங்க ரெண்டு பேரும் அதுக்கு ஒரு மயிரிழை பின்னாடி போனாங்க. துறைமுக வாசல் வரைக்கும் போய்த் திரும்பினோம்.

ஷெட்டுக்கு வந்ததும் எங்களை இறக்கிவிட்டுட்டு, ரெண்டு பேரும் முக்காணிக்குப் போறதா இருந்தாங்க. ஜெசிந்தா முறுக்கு டப்பாவைத் திறந்து எனக்கும் ஒண்ணு கொடுத்தாங்க. நல்ல மொறுமொறுன்னு இருந்துது. இஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு, பாட்டும் வூஃபரும் ஓடிக்கிட்டு இருக்கு, அண்ணாச்சி மட்டும் இறங்கி ஓடி வந்தார். இந்த மனுசனுக்கு இன்னும் என்ன கேள்வின்னு நினைச்சேன்.

என் கைதான் விஷயம்னு மொத நாளே உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டார். தெரியாது, அந்தக் கியர் உறையைப் பாத்து ஒரு சந்தேகம்தான்னாங்க ஜெசிந்தா.

அவர் போகல. கைவிரலைப் பாத்துக்கிட்டு நின்னார்.

"பெட்டி சரியா அடிக்கி டீச்சரம்மா. என் கைதான் பிந்துது. அவ ரெண்டையும் வச்சுக்கிட்டு என்ன செய்வா? நான் எதைச் சரி பண்ணணும், சொல்லுங்க."

ஜெசிந்தா அவரைப் பாக்கல. வண்டியோட கண்ணாடி வழியா உள்ள பாத்தாங்க. நானும் பாத்தேன். ஆவுடையம்மாள் நேரா முன்னாடி பாத்து உக்காந்திருந்தாங்க. மோவாய் ஆடல. வாய் அசையல. வலது கை மட்டும் கியர்க் குமிழ் மேல அப்படியே கிடந்துது.

"கியர் மேல ஒரு கைதான் இருக்கு அண்ணாச்சி. போங்க."